கையெழுத்து எங்கே?

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, பட்டம் வாங்கக் காத்திருப்பவர்களின் பொறுமையை நான் நீட்டிச் சோதிக்கக் கூடாது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சேலம், நாமக்கல் சமவெளியில் தொழில் செய்யும் எவருக்கும் இன்று கைபேசி இல்லாமல் பொழுது விடிவதில்லை. கோழிப்பண்ணைக்காரருக்கு நாமக்கல் மண்டல முட்டை விலை கைபேசியில்தான் வந்து சேர்கிறது. சரக்கு லாரி மாநில எல்லையைத் தாண்ட 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் கட்டாயம். அதைப் பெரும்பாலும் இணையத்தில்தான் எடுக்கிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி எங்கோ வடமாநிலத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தால், டீசலுக்கான பணம் இங்கிருந்து நொடியில் போகிறது. இப்படி வாழ்க்கையே இணையத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்ட ஊரில், அதை யார் கட்டுப்படுத்துவது என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்திருப்பதில் வியப்பில்லை. அங்கே இரண்டு கருத்துகள் காதில் விழும். ‘நெட்டுல கண்டதையும் போடறாங்க, கவர்மெண்டு எல்லாத்தையும் தடை பண்ணோணும்’ என்பது ஒன்று. ‘நம்ம பேசறதுல கவர்மெண்டுக்கு என்ன வேலை?’ என்பது மற்றொன்று. குடும்பத்தைப் பற்றி அவதூறு பரவினால் முதல் கருத்தையும், தன் பதிவு நீக்கப்பட்டால் இரண்டாவதையும் ஒரே மனிதர் சொல்வதுண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே கட்டுப்பாடு கூடுதலா குறைவா என்று அளவைப் பற்றித்தான் பேசுகின்றன. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் துணிபு. கட்டுப்படுத்தும் உத்தரவு எழுத்தில் இருக்கிறதா? அதில் காரணமும் தேதியும் கையெழுத்தும் இருக்கின்றனவா? இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பதற்கு உங்கள் மண்ணிலேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன.

முதலாவது நாமக்கல்லில் நடந்தது. அப்போது உங்களில் பலருக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010 டிசம்பரில் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அது கடைகளில் விற்றது, ஆங்கிலத்துக்கும் போனது, யாரும் கலவரம் செய்யவில்லை. 2014 டிசம்பரில், முன்பின் இல்லாமல் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுப் பரவின. திருச்செங்கோட்டில் புத்தகம் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குதல், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுதல் என்று எழுத்தாளர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அதைத் தொடர்ந்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்ற அறிவிப்பு அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது என்ன? அந்த நாவலை அரசு தடை செய்யவே இல்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் எந்தப் பக்கம் குற்றம் என்று சொல்லும் ஆணை பிறக்கவில்லை. ஆணை இருந்திருந்தால் மறுநாளே அதை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போயிருக்கலாம். அந்த அறையில் இருந்த ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுத் தன்னைக் கட்டிக்கொண்டவர் எழுத்தாளர். கட்டியவர்கள் எதற்கும் பொறுப்பேற்கவில்லை. ஓர் எழுத்தாளரை வாய்மூட வைக்க ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போதுமாயிருந்தன.

இந்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. அந்தக் கூட்டத்தில் எழுதி வாங்கியது எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் வைத்துவிடும் உரிமை வாசகருக்கு இருக்கிறது என்றார்கள். எழுத்தாளர் உயிர்த்தெழுந்து மீண்டும் எழுதட்டும் என்று முடித்தார்கள். அவர் எழுதினார். ஆனால் இடையில் பதினெட்டு மாதங்கள் போய்விட்டன. ஒரு மாவட்டத்தின் அமைதியைக் காப்பது அதிகாரிகளின் கடமைதானே, கூட்டத்தைக் கூட்டியதில் என்ன தவறு என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. கூட்டியதில் தவறில்லை. அமைதியைக் குலைப்பேன் என்பவர்களைத் தடுக்கச் சட்டம் தந்த அதிகாரத்தை எடுக்காமல், எழுதியவரைப் பணிய வைக்கச் சட்டம் தராத அதிகாரத்தை எடுத்துக்கொண்டதுதான் தவறு.

இரண்டாவது சான்று சேலம் மாவட்டத்தில், அந்தத் தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்பு, 2016 ஜூன் கடைசியில். இளம் பட்டதாரிப் பெண் ஒருவருடைய முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி யாரோ ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் காவல்துறையிடம் ஓடியது. படத்தை நீக்க நாட்கள் நகர்ந்தன. மறுபடியும் ஒரு படம் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பின்னர் மன்னிப்புக் கேட்டார். சட்டம் இல்லாமலா இது நடந்தது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு அன்றே இருந்தது. படத்தை நீக்கச் சொல்லும் அதிகாரம் இருந்தது, புகார் கையில் இருந்தது. இல்லாமல் போனது, இன்ன தேதியில் புகார் வந்தது, இன்ன நேரத்துக்குள் இன்னார் இதைச் செய்து முடிக்க வேண்டும் என்ற பொறுப்பு. ஒன்றரை ஆண்டு இடைவெளியில், பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில், அதிகாரம் இல்லாத இடத்தில் ஓர் அலுவலகம் கை நீட்டியது, கடமை இருந்த இடத்தில் இன்னோர் அலுவலகம் கை கட்டி நின்றது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ‘இன்னும் கடுமையான சட்டம் வேண்டும்’ என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடுமையான சட்டம் எப்படி நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே சிறை என்றது. எரிச்சல் என்றால் என்ன, யாருடைய எரிச்சல் என்று அது சொல்லவில்லை. 2012 அக்டோபரில் ஓர் அரசியல் பிரமுகரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒருவர் கைது செய்யப்பட்டார். சட்ட மாணவி ஒருவர் தொடுத்த ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. பலரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதே தீர்ப்பு, இணையப் பக்கங்களை முடக்கும் 69ஏ பிரிவைச் செல்லும் என்று ஏற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏன் ஏற்றது? அங்கே காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், குழு ஆராய வேண்டும், பதிவிட்டவர் யாரென்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும், எழுதிய காரணத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும். அரசுக்குக் கட்டுப்படுத்தும் உரிமையே கிடையாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எழுதிக் காட்டு என்றது. ரத்தான பிறகும் ஆண்டுக்கணக்கில் 66ஏ பிரிவில் காவல் நிலையங்கள் வழக்குப் போட்டன. அந்தப் பிரிவில் இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

தமிழ்ப் பத்திரிகை உலகம் அறிந்த ஓர் ஒப்பீடு இதைத் தெளிவாக்கும். 1987இல் அட்டைப்படக் கேலிச்சித்திரம் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அது அநீதி. ஆனாலும் அவையில் வெளிப்படையாக நடந்த அநீதி. தண்டித்தது யார், எதற்கு என்று ஊருக்கே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களில் அவர் வெளியே வந்தார், பிறகு நீதிமன்றத்தில் வென்று 1000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். 2025 பிப்ரவரி 15 அன்று, பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தைத் தொடர்ந்து, விகடன் இணையதளமே பலருக்குத் திறக்காமல் போனது. முடங்கியபோது அதிகாரபூர்வ அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஒரு படத்துக்காக மொத்தத் தளமும் வாசகர் கையிலிருந்து போனது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்க வழிசெய்தது. கேலிச்சித்திரம் நல்லதா கெட்டதா என்பது பற்றி உங்களுக்குள் வேறுபாடு இருக்கலாம். கதவு பூட்டியிருக்கிறது, பூட்டியவர் யாரென்று எழுதப்படவில்லை என்றால், வேறுபாடு இருப்பவர்களும் சேர்ந்துதான் கவலைப்பட வேண்டும்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு, வதந்தி உயிரைக் குடிக்கிறது என்பது. உண்மைதான். 2018 மே மாதம் குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யால், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைக் கூட்டம் அடித்தது, ஒரு மூதாட்டி இறந்தார். பொய் நிமிடத்தில் பரவும்போது எழுதிக்கொண்டிருக்க நேரம் ஏது என்று கேட்பார்கள். அவசர நிலைக்கு 69ஏ விதிகளே வழி வைத்திருக்கின்றன. உடனே இடைக்கால உத்தரவு போடலாம், 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும். எழுதுவது தாமதம் ஆகாது. சேலத்தில் தாமதம் எழுதியதால் வரவில்லை. வதந்தியை வெல்ல வேறு வழி உண்டு என்பதை 2023 மார்ச்சில் தமிழ்நாடே காட்டியது. பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. வடமாநிலத் தொழிலாளர்களை நம்பியிருக்கும் நம் தறிக்கூடங்களும் கட்டுமானங்களும் பதறின. அப்போது இணையத்தை நிறுத்தவில்லை. காவல்துறைத் தலைவர் முன்வந்து மறுத்தார், இந்தியிலும் விளக்கம் போனது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது, பொய் பரப்பியவர்கள் மீது பெயர் குறிப்பிட்டு வழக்கு வந்தது. பெயரோடு சொன்ன மறுப்பு பெயரில்லாத பொய்யைத் தோற்கடித்தது. மாறாக 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்த பிறகு, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. தன் வீட்டுப் பிள்ளை எந்த மருத்துவமனையில் கிடக்கிறான் என்று தேடும் நேரத்தில் தகவல் வழி அடைபட்டது. வதந்திக்கு அதைவிட நல்ல விளைநிலம் வேண்டுமா? அக்சஸ் நவ் அமைப்பின் கணக்குப்படி 2023இல் மட்டும் இந்தியாவில் 116 முறை இணையம் நிறுத்தப்பட்டது. அவற்றில் ஒன்று இந்தச் சமவெளியில் நடந்தால், எத்தனை லாரிகள் இ-வே பில் இல்லாமல் நிற்கும் என்று வணிகவியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அரசை மட்டும் சொல்கிறீர்களே, பெரிய நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பதிவை நீக்குகின்றனவே என்றும் கேட்கலாம். அதே அளவுகோல்தான். எந்த விதி மீறப்பட்டது, முடிவெடுத்தது மனிதரா நிரலா, மேல்முறையீடு யாரிடம் என்று அவர்களும் எழுதித் தர வேண்டும்.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பீர்கள், ஒருவர் காவல்துறையின் சைபர் பிரிவில், ஒருவர் செய்தி நிறுவனத்தில், பலர் மென்பொருள் நிறுவனங்களில் பதிவை நீக்கும் நிரலை எழுதுவீர்கள். ‘இதை எடுத்துடுங்க, மேலிடத்துல சொல்லிட்டாங்க’ என்று ஒரு தொலைபேசி அழைப்பு வரும். எழுத்தில் தாருங்கள் ஐயா என்று பணிவாகச் சொல்லுங்கள். ஒரு பெண் தன் படத்தோடு அழுதுகொண்டு வந்து நிற்பாள். அவளைத் திருப்பி அனுப்பாமல், புகாரைப் பெற்றதற்குத் தேதியிட்ட சி.எஸ்.ஆர். ரசீதை அப்போதே கையில் கொடுங்கள், அன்றே நீக்கச் சொல்லி எழுதுங்கள். நீங்கள் வேறு தொழிலுக்குப் போனாலும் குடிமக்கள்தான். இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்றே சொல்லிவிட்டது. உங்கள் ஊரில் அப்படி நடந்தால் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் 10 ரூபாய்.