கரிசல் உளுந்தும் காற்றில்லாக் களஞ்சியமும்

(உரையின் எழுத்து வடிவம்)



தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தோர் மூச்சை அடக்கி நீருள் தங்கியது ஏறத்தாழ ஒரு நிமிடமே. அக்கடலின் வணிக முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. மூச்சடக்குவதில் அவர்களை விஞ்சிய உயிரொன்று அதே கரையின் கிடங்குகளில் இன்றும் வாழ்கிறது. உளுந்தைத் துளைக்கும் பயறு வண்டே அது. அதற்கு மூக்கில்லை, உடலின் இருமருங்கும் உள்ள நுண்துளைகளே மூச்சுவழி. காற்றின் நிலை கெட்டால் அவற்றை மூடிக்கொண்டு பொறுத்திருக்க வல்லது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், கழுகுமலைப் பக்கத்துக் கரிசல் நிலம் உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் பெயர் பெற்றது. வண்டு கிடங்கிலே தோன்றுகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் வயலில் முற்றிய நெற்றின்மீதே அது முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு நேரே பருப்புக்குள் நுழைந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகி வட்டத் துளையிட்டு வெளிவரும். உள்ளிருக்கும் புழுவை முறமும் சல்லடையும் என்ன செய்யும்? வெளிவந்த வண்டு பயற்றை உண்பதில்லை. இணைசேர்ந்து முட்டையிடுவதே அதன் தொழில். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். அவற்றுள் பாதி பெண்ணாகி, இடையூறின்றிப் பெருகுமானால் இரண்டாம் தலைமுறையில் 5,000. மூன்றாம் தலைமுறையில் 2,50,000. காலமோ மூன்று மாதமே. இந்தக் கணக்கு பின்னர் வேறொன்றுக்கும் உதவும்.

துறைமுகங்களும் கிடங்குகளும் இதுவரை நம்பியது நச்சுவாயுவை. மெதில் புரோமைடு வானின் ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987-இல் உருவான மாண்ட்ரீல் உடன்படிக்கையின் வழியே படிப்படியாக ஒதுக்கப்பட்டு, இன்று பெரும்பாலும் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கின் பூச்சித் தடுப்புக்கு மட்டுமே எஞ்சியுள்ளது. அலுமினியம் பாஸ்பைடு வில்லை காற்றின் ஈரத்தோடு கூடி வெளிவிடும் பாஸ்பீனோ இன்னும் பரவலாக ஆளப்படுகிறது. ஆனால் அதைத் தாங்கும் பூச்சிகள் பல நாடுகளில் பெருகிவிட்டன. வாயு முற்றும் வெளியேறுமுன் கப்பலின் அடித்தளத்திலோ பெட்டகத்திலோ இறங்கும் சுமைத் தொழிலாளியின் உயிருக்கும் அது கூற்றுவன். அந்த வில்லையை வீட்டு அரிசிப் பானையில் இடுவது எவ்வகையிலும் தகாது.

மாற்று வழி, காற்றின் இயைபையே மாற்றுவது. மூட்டை அடுக்கை அடியிலும் மேலும் நெகிழி விரிப்பால் மூடி, விளிம்புகளை ஒட்டிக் கரியமில வாயுவைச் செலுத்தி, அது 35 விழுக்காட்டுக்குக் குறையாமல் இரு வாரம் காப்பது ஒரு முறை. இந்தோனேசியாவின் அரசு அரிசிக் கிடங்குகள் இதைக் கையாண்டன. வாயு மிகும்போது வண்டின் மூச்சுத்துளைகள் மூட இயலாமல் திறந்தே நின்றுவிடும். உடலின் நீர் வற்றிப்போகும். நைட்ரஜனை நிரப்பி ஆக்சிஜனை ஒரு விழுக்காட்டளவுக்குத் தாழ்த்துவது மற்றொரு முறை. இரண்டிலும் உள்ளே நுழையும் மனிதனுக்கும் மூச்சில்லை என்பதை மறத்தலாகாது.

சிற்றூர்க்கு ஏற்றது இவற்றினும் எளியது. காற்றுப்புகாத கலத்தில் பயற்றை நிரப்பி மூடினால், உள்ளிருக்கும் பூச்சிகளே ஆக்சிஜனைச் செலவிட்டுவிடும். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் கேமரூன் நாட்டுத் தட்டைப்பயற்றுக்காக மூவடுக்குப் பையை உருவாக்கியது இந்த நெறியில்தான். ஆக்சிஜன் குறைந்ததும் புழு உண்பதை நிறுத்துகிறது, முட்டையிடுதல் ஓய்கிறது. கலத்துள் விளக்கேற்றி மூடினால் போதும் என்பாரும் உளர். விளக்கு அணையும்போதும் ஏறத்தாழ 16 விழுக்காடு ஆக்சிஜன் எஞ்சியிருக்கும். வண்டுக்கு அது தாராளம்.

இங்கே கொல்லாமை நோன்புடையோர் எழுப்பும் வினா முறையானது. வண்டும் நான்கறிவுடைய உயிர். நஞ்சால் கொல்வதற்கும் மூச்சடைத்துக் கொல்வதற்கும் வேறுபாடு யாது? கொலை என்ற அளவில் வேறுபாடில்லை. பை விற்போர் அதைத் தூய முறை என்று கூறுவது மனிதனுக்குத் தூயது என்ற பொருளில் மட்டுமே சரி. வேறுபாடு காலத்தில் இருக்கிறது. அறுவடையான சில நாளில், வெயிலில் நன்கு உலர்த்தி, ஈரம் பத்து விழுக்காட்டளவில் இருக்கையில் மூடிவிட்டால் அழிவன வயலிலிருந்து வந்த சிலவே. மூன்று மாதம் திறந்து வைத்துப் பின் மருந்தடித்தால் அழிவது மேற்சொன்ன லட்சக் கணக்கு. ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடித்துப் பயறும் கெடும்.

கொல்லாமலே நீக்கவும் ஓரளவு வழியுண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பொறி, துளைகள் நிறைந்த ஒரு குழாய்; தானியத்துள் செருகினால் காற்றை நாடும் வண்டுகள் துளைவழி நுழைந்து அடியிலுள்ள கூம்பில் விழும். அவற்றை உயிரோடு எடுத்துக் களஞ்சியத்துக்கு அப்பால் விடலாம். புழுவும் முட்டையும் அதில் அகப்படா. ஆதலின் வண்டுகள் முட்டையிடுமுன் அகப்படும்படி, பயறு வந்த நாள்தொட்டே பொறியைச் செருகி வைத்தல் வேண்டும்.

அன்னதானக் கூடங்களுக்கு இன்னும் எளிய வழி, முழுப்பயற்றைத் தவிர்த்து உடைத்த பருப்பாக வாங்குவது. பயறு வண்டு முட்டையிட விரும்புவது முழுமணியில்தான். முழு உளுந்தே வேண்டுமெனில் பெரிய பையைவிடச் சிறு கலங்கள் பல நன்று. ஒன்றைத் திறந்தால் புதுக்காற்று புகும். அதனைச் சில நாளிலேயே சமைத்துத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறக்கலாம்.