படியளப்பது யார்?



அம்மை ஓர் எறும்பைச் சிமிழில் அடைத்து வைத்தாளாம். மாலையில் திறந்து பார்த்தால் அதன் வாயில் ஓர் அரிசி இருந்ததாம். ஆகவே சகல ஜீவனுக்கும் பரமனே படியளக்கிறான் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்லது. அளப்பது உண்மையானால் கணக்கும் இருக்க வேண்டுமல்லவா? அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

ஆப்பிரிக்காவில் டான்சானியா தேசத்தில் செரங்கெட்டி என்று ஒரு பெரிய புல்வெளி இருக்கின்றது. அங்கே வைல்டபீஸ்ட் என்னும் மான் இனப் பிராணி மந்தை மந்தையாக மேய்கின்றது. 1977இல் எண்ணியபோது சுமார் 13 லட்சம் இருந்தன. அவற்றைத் தின்னும் சிங்கங்களோ எந்தக் கணக்கிலும் சில ஆயிரம்தான். ஏன் இப்படி? சிங்கத்தின் தலையெழுத்தா? இல்லை.

சூரிய வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவாகவோதான் புல் பிடித்துத் தன் உடம்பாக்குகிறது. அந்தச் சக்தி ஆயிரம் படி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் சுமார் நூறு படிதான் மேய்கிற பிராணியின் உடம்பாகும். அதிலிருந்து பத்துப் படிதான் சிங்கத்தின் உடம்பாகும். இதுவும் தாராளமான உத்தேசமே. மீதியெல்லாம் எங்கே? தின்னாமல் விட்டது, சாணமாய்ப் போனது, ஓடியதிலும் மூச்சு விட்டதிலும் சூடாய்ப் பறந்தது. செத்த உடம்பையும் சாணத்தையும் கழுகும், வண்டும், கறையானும், கிருமியும் தின்று மண்ணாக்குகின்றன. அந்தச் சத்து மறுபடியும் புல்லாகும். ஆனால் பறந்து போன சூடு திரும்பாது. அதனால்தான் சூரியன் தினந்தோறும் புதிதாய் அளக்க வேண்டியிருக்கிறது.

"வலியது எளியதைத் தின்பது இயற்கை, ஆகவே மேல்ஜாதி கீழ்ஜாதியும் இயற்கை" என்று சிலர் நியாயம் பேசுவார்கள். தோழர்களே! சிங்கமும் மானும் வேறு வேறு இனம். உழுகிறவனும், உட்கார்ந்து தின்கிறவனும் ஒரே இனம். அன்றியும் சிங்கம் இல்லாவிட்டாலும் புல் முளைக்கும். புல் இல்லாவிட்டால் சிங்கம் ஏது? உச்சியில் இருப்பவன் தாங்குகிறவன் அல்ல, தாங்கப்படுகிறவனே!

இன்னொன்று கேளுங்கள். 1890ஆம் வருஷத்தையொட்டி வெக்கை நோய் அந்தப் பிரதேசத்துக்குள் புகுந்தது. மாடுகளும், காட்டெருமைகளும், வைல்டபீஸ்டும் கும்பல் கும்பலாய்ச் செத்தன. மாட்டை நம்பிய ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். படியளக்கிறவன் அன்று எங்கே போனான்? பிறகு 1950க்குமேல் சுற்றிலுமுள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நோய் ஒழிந்தது. 1961இல் சுமார் இரண்டரை லட்சமாயிருந்த வைல்டபீஸ்ட்தான் 1977இல் 13 லட்சமாயிற்று. சிங்கங்களும் பெருகின. புல்லை மந்தை தின்றுவிட்டதால் காட்டுத்தீ குறைந்து மரங்களும் வளர்ந்தன. இத்தனையும் மந்திரத்தாலா? ஓர் ஊசியால்!

அதே வெக்கை நம் ஊர்களுக்கும் வந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம், கிடாய் வெட்டினோம். மாடு செத்தது, கிடாயும் செத்தது, பூசாரி மட்டும் பிழைத்தார். 2011இல் அந்நோய் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எந்தக் கோயிலிலிருந்தும் அல்ல, ஆராய்ச்சிசாலையிலிருந்துதான் அந்த மருந்து வந்தது.

ஆகவே தோழர்களே! உங்கள் மாடு நோயில் விழுந்தால் உண்டியலைத் தேடாதீர்கள். மாட்டு வைத்தியரைத் தேடுங்கள். யாரோ படியளப்பார் என்று கையைக் கட்டிக் கொண்டிராதீர்கள். அளப்பது சூரியன், விளைவிப்பது மண், உழைப்பது நீங்கள். இடையில் நின்று பங்கு கேட்பவன் யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.