கொண்டு சேர்ப்பதும் அறிவியலே

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

புதியன கண்டுபிடிக்க உங்களை வாழ்த்துகிறேன். அதற்கு இணையான இன்னொரு பணியையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். முன்னவர்கள் கண்டதைப் பழுதில்லாமல் அடுத்த தலைமுறையிடம் சேர்க்கும் பணி அது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பைத்தான் கணினி மொழியில் ஒரே வரி எழுதி, நேரியல் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டிருப்பீர்கள். அந்த ஒரு வரி லேபேக் என்னும் லைப்ரரியின் பலத்தில் நிற்கிறது. ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டு 1992இல் வெளிவந்தது லேபேக். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் டொங்காராவுக்கு 2021ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. அந்த ஃபோர்ட்ரான் செல்வத்தைப் பைத்தானுக்குக் கொண்டுவர வழி செய்தவர்களில் முக்கியமானவர், எஃப்-டூ-பை கருவியை உருவாக்கிய எஸ்தோனியரான பியரு பீட்டர்சன். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஒரு லைப்ரரியை இன்னொரு மொழியிலிருந்து பயன்படுத்த உதவும் இணைப்பை, அதாவது பைண்டிங்கை, எழுதுவது எடுபிடி வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபோர்ட்ரான் ஓர் அணியை நிரல் வாரியாக நினைவகத்தில் வைக்கும். பைத்தானின் நம்பை லைப்ரரி வழக்கமாக நிரை வாரியாக வைக்கும். இதைக் கவனிக்காமல் நம்பை அணியை அப்படியே லேபேக்குக்கு அனுப்பினால், நிரையும் நிரலும் இடம் மாறிய அணிக்குத்தான் விடை வரும். சமச்சீர் அணியைக் கொடுத்துச் சோதித்தாலோ விடை சரியாகவே இருக்கும், பிழை மறைந்துகொள்ளும். ஆகவே எந்த அணியைக் கொண்டு சோதிப்பது என்று தீர்மானிக்கவே கணிதம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. வந்தது பூச்சியக் கோவை அணி என்று கண்டால் லேபேக் கூச்சல் போடாது. இன்ஃபோ என்ற மாறியில் ஓர் எண்ணை வைத்துவிட்டுத் திரும்பிவிடும். ஃபோர்ட்ரான்காரர் அதைப் பார்க்கப் பழகியவர். பைத்தான்காரர் அப்படி ஒன்று இருப்பதையே அறியார். அந்த எண்ணைப் பிழைச்செய்தியாக்கி அவர் கண்ணில் படச் செய்வது பைண்டிங் எழுதுபவரின் கடமை. அவர் அசட்டையாக இருந்தால், பொருளற்ற எண்கள் ஆய்வுக்குள் நுழைந்துவிடும்.

2019இல் வெளியான கருந்துளையின் முதல் படத்துக்கான ஆய்வில் நம்பையும், சைபை என்னும் இன்னொரு பைத்தான் லைப்ரரியும் பயன்பட்டன. அந்த வானியலாளர்கள் ஃபோர்ட்ரான் கற்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்காக அந்தச் சிரமத்தை வேறு சிலர் முன்பே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

இளைஞர்களே, நீங்களும் அத்தகைய சிரமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய ஆவணங்களைப் பொறுமையாகப் படியுங்கள். மூலத்தை எழுதியவர்களின் பெயரை மறக்காமல் குறிப்பிடுங்கள். கடினமான உதாரணங்களைக் கொண்டு சோதியுங்கள். உங்களை ஒருபோதும் சந்திக்காத ஓர் ஆய்வாளர் உங்கள் வேலையை நம்பித் தன் முடிவை வெளியிடுவார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவர்களாக இருங்கள்.