சி.டி.க்குப் பெயர் எழுதியவர்கள்

  

பாட்டு சி.டி.யைக் கணினியில் போட்டால் பாடல்களின் பெயர்கள் திரையில் வரும். அவை எங்கிருந்து வந்தன? பழைய சி.டி.க்குள் ஒலிதான் உண்டு, பெயர் கிடையாது. 1990களில் டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு பாட்டும் எந்த நொடியில் தொடங்குகிறது என்ற கணக்கை வைத்தே இது இன்ன சி.டி. என்று சொல்லிவிடலாம். யாராவது ஒருவர் ஒருமுறை பெயர்களைத் தட்டி அனுப்பினால் போதும், அதே சி.டி.யை உலகில் எவர் போட்டாலும் பெயர் வரும். இதற்கு சிடிடிபி என்று பெயர். பாட்டுப் பைத்தியங்கள் ராத்திரி ராத்திரியாகக் காசில்லாமல் தட்டினார்கள்.

பிறகு அது நிறுவனமாயிற்று. கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. மென்பொருள் செய்கிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்று ஆயிற்று. 2008இல் சோனி அதை ஏறத்தாழ 26 கோடி டாலருக்கு வாங்கியது. தட்டியவர்களுக்கு அதில் பங்கில்லை. 2011இல் ஹஃபிங்டன் போஸ்ட் என்ற செய்தித் தளம் 31.5 கோடி டாலருக்கு விற்பனையானபோது, அங்கே ஊதியமின்றி எழுதியவர்களின் சார்பில் வழக்குப் போட்டார்கள். பணம் வராது என்று தெரிந்துதானே எழுதினீர்கள் என்று அடுத்த ஆண்டே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டப்படி சரிதான்.

நானும் கூலி கேட்கச் சொல்லவில்லை. கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறுகிறவர் கூலியா கேட்கிறார்? ஆனால் ஊரார் வாங்கிப்போட்ட அண்டாவை ஒருவர் வீட்டுக்குத் தூக்கிப் போய் மறுநாள் ஓட்டல் திறந்தால் கேட்க வேண்டாமா? இருபத்தைந்து வருடங்களாக மென்பொருள் எழுதுகிற எனக்கு இந்த அண்டாவைப் பற்றித்தான் கவலை. பட்டம் வாங்கும் பிள்ளைகளே, நீங்கள் தரும் படமும் பாட்டும் குறிப்பும் யார் கைக்குப் போகும், திரும்ப எடுக்க முடியுமா என்பதெல்லாம் நாம் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்துகிற அந்த நீண்ட பக்கத்தில் இருக்கிறது. பாட்டுப் பட்டியலுக்கே மியூசிக்பிரெயின்ஸ் என்று லாபநோக்கற்ற ஏற்பாடு இன்றும் நடக்கிறது. வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விடுதியில் இருந்த காலத்தில் நானும் சும்மா தட்டியவன்தான், மதுரைத் திட்டத்துக்காக. 1998 பொங்கலன்று தொடங்கியது அது. தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். ஒரு சிறு நூலுக்காக உருளைக்கிழங்குப் பொரியல் போடும் நாளில்கூட மெஸ்ஸுக்குத் தாமதமாகப் போனேன். அந்தத் தியாகம் உங்களுக்குப் புரியும். போன வாரம் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இன்றும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மேலே நன்றிக் குறிப்பில் என் பெயர் இருக்கிறது. நான் ‘றகரம்’ போட வேண்டிய இடத்தில் ‘ரகரம்’ போட்ட பிழையும் அப்படியே இருக்கிறது. தமிழ்த்துறைப் பிள்ளைகள் யாராவது திருத்தி அனுப்புங்கள்.