கணக்கேட்டிற்குக் காவல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியச் சுவை பருக வந்திருக்கும் உங்கள் முன்னே கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்துவிட்டார். ஆயினும், இப்பொருள் நம் ஊருக்கு அயலானது அன்று. தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தோம்பலூர் என்றும், தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் அழைக்கின்றன. பட்டணம் என்பது வணிகர் கூடும் ஊர். அன்று கொடைகளைக் கல்லில் வெட்டினார்கள். அவை இன்றும் நிற்கின்றன. நாமோ நம் கணக்குகளைக் கணிப்பொறியில் எழுதுகிறோம். அவை ஓர் இரவில் இல்லாமற் போகலாம்.

இதனை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, என் சிறிய அலுவலகத்தைத் திறந்தேன். கணிப்பொறியில் கணக்குகள் யாவும் பூட்டப்பட்டிருந்தன. திறவுகோல் வேண்டுமாயின் பணம் தருக என்று திரையில் ஓர் அறிவிப்பு. சனிக்கிழமை மாலை, விலைச்சீட்டு என்று வந்த மின்னஞ்சலை அவசரத்தில் திறந்தவன் நானே. படி எடுத்து வைத்த வட்டும் அதே கணிப்பொறியில் செருகியபடியே இருந்தது, அதுவும் பூட்டுண்டது. பணம் கொடுக்க மனம் ஒப்பவில்லை. வாடிக்கையாளரிடம் இருந்த சீட்டுகளைக் கேட்டு வாங்கி, மூன்று வாரம் இரவு பகலாக மீண்டும் எழுதினோம். எட்டுப் பேருக்குச் சம்பளம் தாமதமாயிற்று. அவர்களுள் ஒருவர் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குத் தண்டனையாயிற்று.

என் கணிப்பொறியில் காவல் நிரல் இல்லாமல் இல்லை; இருந்தது. பின் ஏன் காக்கவில்லை? காவல் நிலையத்தில் பழைய திருடர்களின் படங்களை ஒட்டி வைப்பார்கள் அல்லவா? பழைய காவல் நிரல்களும் அவ்வாறே தெரிந்த நச்சு நிரல்களின் அடையாளங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும். 1986-இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’ நிரல் பரவிய காலத்துக்கு அது போதுமானதாயிருந்தது. இன்றோ நச்சு நிரல் இடத்துக்கு இடம் உருமாறுகிறது. திருடன் மீசையை மழித்துவிட்டால், சுவரில் உள்ள படத்தால் என்ன பயன்?

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வருகிறது. ஓர் இனிய செய்தி சொல்கிறேன். 2011-இல் சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லட்சுமணன் நடராஜ் முதலிய நால்வர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவரான பேராசிரியர் மஞ்சுநாத், பெங்களூர்ப் பல்கலைக்கழகத்திலும் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்றவர். எந்த நிரலும் 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசையே. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை, இடைப்பட்டவை சாம்பல் என்று புள்ளியிட்டு, நிரலையே ஒரு படமாக்கினார்கள் அவர்கள். ஒரே குடும்பத்து நச்சு நிரல்கள் உருமாறினும் சாயல் ஒத்திருந்தன! 25 குடும்பங்களைச் சேர்ந்த 9,458 நிரல்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டை இன்ன குடும்பத்தது என்று கணிப்பொறி சரியாகக் கூறிற்று.

முகச்சாயலோடு நடத்தையையும் இன்றைய காவலன் நோக்குகிறான். இந்த அலுவலகத்தில் யார் எப்போது எந்தக் கோப்பைத் திறப்பார் என்னும் வழக்கத்தைக் கற்றுக்கொள்கிறான். நள்ளிரவில் ஒரு நிரல் நூற்றுக்கணக்கான கோப்புகளை மளமளவென்று மாற்றி எழுதினால், பெயர் தெரியாவிடினும் ஐயுற்று, அந்தக் கணிப்பொறியை மற்றவற்றிலிருந்து துண்டித்துவிடுகிறான்.

ஆயினும், அன்பர்களே, இக்காவலனும் ஏமாறுவான். 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஒரு விளையாட்டு நிரலின் சொற்றொடர்களை நச்சு நிரலின் வாலில் ஒட்டினார்கள். பெயர்பெற்ற ஒரு நுண்ணறிவுக் காவல் நிரல் அதனை நல்லது என்று நம்பிவிட்டது. பசுத்தோல் போர்த்த புலியின் கதைதான்! காவலனே இடறுவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் காவல் நிரலுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றால், உலகில் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதினார்கள்.

ஆகவே, அறிவுள்ள காவலனை அமர்த்திவிட்டுக் கதவைத் திறந்து போடலாகாது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து வழங்கிக் கணிப்பொறிகள் பூட்டுண்டு, பல நாட்கள் நோயாளர் பதிவு கையெழுத்தில் நடந்தது. வலைப்பின்னலை முறையாகப் பகுத்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறிற்று. 2017 மே 12-இல் ‘வான்னகிரை’ உலகைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தமோ மார்ச்சிலேயே வந்துவிட்டது. வந்ததைப் பொருத்தாதவர்கள் பலர் வருந்தினார்கள்.

நம் போன்ற சிறு வணிகருக்கு நான் சொல்வது மூன்றே. கணக்கின் படி ஒன்று, கணிப்பொறியிலிருந்து கழற்றப்பட்டு, வேறிடத்தில் இருக்கட்டும். திருத்தங்களை அன்றன்றே பொருத்துங்கள். மூன்றாவது, மறைக்காதீர்கள். தாக்குண்டால் ஆறு மணி நேரத்திற்குள் செர்ட்-இன் அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு ஆணை.

இம்மூன்றாவதை நான் செய்யவில்லை. வெட்கத்தால் வாய் மூடியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து, அதே போன்ற விலைச்சீட்டு மின்னஞ்சல் எங்கள் தெருவில் இன்னொரு வணிகரையும் வீழ்த்திற்று. நான் முன்னரே சொல்லியிருந்தால் அவர் தப்பியிருக்கக்கூடும். பல்லாயிரம் பேர் பட்ட அடிகளிலிருந்துதான் செயற்கை நுண்ணறிவும் கற்கிறது. ஒருவர் பட்டது மற்றவருக்குப் பாடமாகிறது. பொறியே அவ்வாறு பகிர்ந்து கற்கும்போது, ஊர் விட்டு ஊர் வந்து ஒரு சங்கமாய்க் கூடியிருக்கும் நாம், பட்டதைப் பகிரக் கூசலாமா?

அதற்காகவே என் வெட்கத்தை இன்று இந்த அவையில் இறக்கி வைத்தேன்.