கேக் சாப்பிடாமலே படித்த கேக் ஆங்கிலம்



பேச வருபவர் டொக்டர் என்றால் சீனி வருத்தத்தைப் பற்றியோ பிரஷரைப் பற்றியோதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நாம் இன்று பேசப்போவது கேக்கைப் பற்றி. அந்த மேசையில் இருக்கும் நூற்றாண்டு கேக் அல்ல. ஆங்கிலப் பேச்சில் வரும் கேக். (மேசையில் இருப்பதைப் பற்றி வைத்திய ஆலோசனை வேண்டுமானால் பிறகு தனியாக வாருங்கள். சின்னத் துண்டு என்றால் மன்னிக்கலாம்.) 'நாம்' என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. மஸ்கெலியா, ஹட்டன், கொழும்பு, சென்னை, டொரொண்டோ என்று சிதறிக் கிடக்கும் எமது வகுப்புப் பிள்ளைகள் வட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாக வாதாடிச் சேர்த்த விஷயம் இது. மேடை ஏறியது மட்டும்தான் ஒருவர்.

தொண்ணூறுகளில் இங்கே படித்தவர்களுக்கு அந்த ஆங்கிலக் கொப்பி ஞாபகம் இருக்கும். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் மரபுத்தொடர்கள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ்க் கருத்து. 'எ பீஸ் ஒஃப் கேக்' என்றால் மிக இலகுவான வேலை. 'செல்லிங் லைக் ஹொட் கேக்ஸ்' என்றால் மளமளவென்று விற்பனையாதல். 'ஐசிங் ஒன் த கேக்' என்றால் நல்லதுக்கு மேல் இன்னொரு நல்லது. எல்லாம் மனப்பாடம். வேடிக்கை என்னவென்றால், கேக் எமக்கு ஒருநாளும் இலகுவாகக் கிடைத்ததில்லை. கேக் சுடப் போறணை வேண்டும். லயக் காம்பராவில் இருந்தது விறகடுப்பும் ரொட்டிக்கல்லும். டவுன் பேக்கரியின் கண்ணாடி அலுமாரிக்குள் ரோஸ் நிற ஐசிங் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் பார்த்துக்கொண்டு நிற்போம். நத்தார் முடிந்து பாடசாலை தொடங்கும்போது கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவரும் ஒரு துண்டை எட்டாகப் பிய்த்துத் தின்ற வகுப்பு எமது. 'இலகு' என்று எழுதிய எவருக்கும், கேக்குக்கும் இலகுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் மலையக மக்களுக்கு ஆங்கிலம் புதிதா? எம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே 'பரேட்' பெரட்டுக்களம் ஆகிவிட்டது. 'கண்டக்டர்' கண்டாக்கையா ஆகிவிட்டார். போறணை, பாண், அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், அவற்றையும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டோம். காதால் கேட்டு வாயால் மென்று எமதாக்கிக்கொண்ட சொல் ஒருபோதும் பயமுறுத்தியதில்லை. கொப்பியின் பின்பக்கம் வந்ததுதான் பயமுறுத்தியது. 1960களின் இறுதியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலின் சுவர் தெரியும். அதைப் பார்க்கும்போதுதான் கீழே ஊர் இருந்ததே நினைவுக்கு வருகிறது. இந்தத் தொடர்களின் அடியிலும் அப்படி ஊர்கள் இருக்கின்றன.

'பீஸ் ஒஃப் கேக்' அவ்வளவு பழையதல்ல. 1936-இல் அமெரிக்கக் கவிஞர் ஒக்டன் நாஷ் எழுத்தில் அது வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படையினர் வாயில் விழுந்த பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. திரும்பி வருவோமா என்று தெரியாமல் பறந்தவர்கள், அந்தப் பறப்பையே கேக் துண்டு என்றார்கள். இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டதும் சென்னையில் இருக்கும் தோழி உடனே 'அல்வா சாப்பிடுற மாதிரி' என்றாள். சரியான சோடி. டொரொண்டோக்காரி 'வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல' என்றாள். அதை நாம் ஏற்கவில்லை. அந்த ஊசியில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. நோகாமல் குத்திவிட்டுப் போகிற வேலை அது. வெறும் இலகு அல்ல. அல்வாவிலும் கவனம் வேண்டும்: 'அல்வா சாப்பிடுவது' இலகு, 'அல்வா கொடுப்பது' ஏமாற்று. ஆங்கிலம் படிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தமிழ் படிக்க வந்தால் அவர்கள் கொப்பியின் பின்பக்கம் என்ன பாடுபடும் என்று நினைத்துச் சிரித்தோம். புண்ணாக்கு வேறு இருக்கிறதே! அகராதியில் அதற்கு ஆங்கிலம் 'ஒயில் கேக்'. 'அவனுக்கு ஒரு புண்ணாக்கும் தெரியாது' என்பதை எந்த வெள்ளைக்காரனுக்கு எப்படி விளக்குவது?

'கேக்கை வைத்திருக்கவும் வேண்டும், தின்னவும் வேண்டும் என்றால் நடக்காது' என்பது நானூறு வருடங்களுக்கு மேல் பழையது. 1546-இல் ஜோன் ஹேவுட் தொகுத்த பழமொழிப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் வரிசை மாறி வரும்: தின்னவும் வேண்டும், வைத்திருக்கவும் வேண்டும் என்று. யோசித்தால் அதுதான் நியாயமான வரிசை. தின்றுவிட்டு வைத்திருக்கத்தான் முடியாது. 1996-இல் அமெரிக்காவில் கைதான குண்டுக்காரர் டெட் கஸின்ஸ்கி பத்திரிகைக்கு அனுப்பிய அறிக்கையிலும், வீட்டுக்கு எழுதிய கடிதத்திலும் இந்தப் பழைய வரிசையில்தான் எழுதியிருந்தார். மொழியை ஆராய்ந்தவர்களுக்கு அகப்பட்ட தடயங்களில் அதுவும் ஒன்று. எமக்கோ இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை: கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆனால் கேக்கில் பிரச்சினை பண்டம் தீர்ந்துபோவது. கூழில் பிரச்சினை மீசையின் கௌரவம். தமிழ்ப் பழமொழி பெண்களைப் பார்த்துச் சொன்னதல்ல என்பதையும் இந்தச் சபையில் குறித்துக்கொள்கிறோம்.

கேக்கில் 'பங்கு' கேட்பதும் ஆங்கிலத்தில் உண்டு. வருமானம் முழுவதும் ஒரு கேக். யாருக்கு எவ்வளவு வெட்டிக் கொடுப்பது என்று பேசுவார்கள். தோட்டத்தில் இதே கணக்குக்கு எம்மிடம் வேறு சொல் இருக்கிறது: பேர். சொன்ன கிலோ எடுத்தால் முழுப்பேர், எடுக்காவிட்டால் அரைப்பேர். ஒருநாள் சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை பல வருடம் இழுபட்டு 2021-இல் சம்பளச் சபை மூலம் வந்தது. வந்த பிறகும் எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்ற சண்டை ஓயவில்லை. எமது அம்மாமார் ஒருநாளும் 'கேக்கில் பங்கு' கேட்கவில்லை. 'இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?' என்றுதான் கேட்டார்கள்.

ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று பிரான்ஸ் ராணி மேரி அன்டோய்னெட் சொன்னதாக நாம் படித்தோம். அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. 1782-இல் வெளிவந்த ரூசோவின் தன்வரலாற்றில் 'ஒரு பெரிய இளவரசி' என்று பெயரில்லாமல் வருகிறது. அந்தப் பகுதியை ரூசோ எழுதியபோது ஆஸ்திரியாவில் பிறந்த மேரி ஒரு சிறுமி. பிரான்ஸுக்கு வந்தது 1770-இல். போதாக்குறைக்கு, அது கேக்கும் அல்ல. 'பிரியோஷ்' எனும், வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ஒருவகைப் பணிஸ். 2022-இல் கோதுமை மாவின் விலை ஏறியபோது எம் லயங்களில் ரொட்டியின் வட்டம் சுருங்கியதைப் பார்த்தவர்கள் நாம். யார் சொன்னது என்பது பிழையாக இருந்தாலும் ஏன் இந்தக் கதையை மக்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பது எமக்கு விளங்குகிறது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்வதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தோம். 'கேக்வோக்' என்ற சொல் உங்களுக்குத் தெரியும். கிரிக்கெட்டில் ஓர் அணி சுலபமாக வென்றால் சொல்வார்கள். ஈராக் மீது படையெடுப்பதும் கேக்வோக்தான் என்று 2002-இல் அமெரிக்காவில் ஒருவர் பத்திரிகையில் எழுதினார். பிறகு நடந்தது தெரிந்ததே. அந்தச் சொல் பிறந்தது எங்கே? பெருந்தோட்டத்தில். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலப் பெருந்தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள், ஓய்வு கிடைத்த நாட்களில் சோடி சோடியாக நடந்து ஆடிய ஆட்டம் அது. நெஞ்சை நிமிர்த்தி, முழங்காலை உயர்த்தி, தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்து, பெரிய பங்களாவில் எசமானர்கள் ஆடும் நடையை அப்படியே பரிகாசம் செய்வார்கள். எசமானர்களும் வந்து பார்த்துக் கைதட்டினார்கள். தம்மைத்தான் கேலி செய்கிறார்கள் என்று பலருக்கு விளங்கவில்லை. நன்றாக நடந்த சோடிக்குப் பரிசு ஒரு கேக்.

பிறகு அது மேடைக்குப் போனது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பரைக் கேலி செய்வதாக நினைத்து, தம்மைக் கேலி செய்த அதே ஆட்டத்தை ஆடினார்கள். அதன்பின் பேர்ட் வில்லியம்ஸ், ஜோர்ஜ் வோக்கர், அய்டா ஓவர்ட்டன் வோக்கர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் அதை மீட்டெடுத்தார்கள். 1903-இல் அவர்களுடைய 'இன் டஹோமே' நாடகம் லண்டனுக்குப் போய், பக்கிங்ஹாம் அரண்மனையிலும் நடித்துக் காட்டப்பட்டது.

அடிமை முறையும் எம் முன்னோர் வந்த கங்காணி முறையும் ஒன்றல்ல; இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் பங்களாவையும் லயத்தையும் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்கத் தேவையில்லை. நமது பாடசாலைக் கலைவிழாவில் துரை வேடம் போட எத்தனை போட்டி! அரைக் காற்சட்டை, தொப்பி, கையில் பிரம்பு, அந்த நடை. சபையில் இருக்கும் அப்பாமாருக்குச் சிரிப்பு அடங்காது. அமெரிக்கத் தோட்டத்து மக்கள் உயிர் பிழைக்கக் கண்டுபிடித்த அந்தச் சிரிப்பு, இன்று அகராதியில் 'கஷ்டப்படாமல் கிடைத்த வெற்றி' என்று கிடக்கிறது.

மற்றவற்றை விரைவாகக் கடக்கிறோம். 'ஹொட் கேக்' உண்மையில் கேக்கே அல்ல, கல்லில் சுடும் அப்பம் மாதிரி ஒன்று; ஆகவே 'சுடச்சுட விற்றது' என்று நாம் சொல்வது மிகப் பொருத்தம். 'கேக்ஹோல்' என்றால் வாய். அதை மூடு என்று சொல்வது மரியாதையில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மனநலம் குன்றியவரை 'ஃப்ரூட் கேக்' என்பதும் உண்டு. டொக்டர் என்ற முறையில், அது ஒழிய வேண்டிய சொல் என்றே சொல்வோம்.

வைத்தியசாலையில் கேக் எப்படி வரும்? வெளிநாட்டிலிருந்து வந்த கண் வைத்தியர் ஒருவர், கற்றரக்ட் சத்திரசிகிச்சைக்குப் பயந்திருந்த ஒரு தோட்டத்து அம்மாவிடம் 'பீஸ் ஒஃப் கேக்' என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற பிள்ளை, 'கேக் துண்டு மாதிரியாம்' என்று மொழிபெயர்த்தாள். அம்மா கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயோ சாமி, நமக்குச் சீனி வருத்தம் இருக்குங்க. கேக்கெல்லாம் ஆகாதுங்க."

எமது மருத்துவப் படிப்பும் ஆங்கிலேயர் சமையலறைதான். ஈரலில் அமீபாக் கட்டி வந்தால் அதன் சீழ் 'அன்சோவி சோஸ்' மாதிரி. குழந்தைக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகினால் மலம் 'ரெட்கரண்ட் ஜெலி' மாதிரி. அந்தச் சோஸையும் கண்டதில்லை, அந்தப் பழத்தையும் கண்டதில்லை, பரீட்சையில் எழுதினோம். கொலரா வந்தால் மலம் 'அரிசி கழுவிய தண்ணீர்' என்ற வரி வந்தபோதுதான், ஒரு தடவையாவது எம் வீட்டு அடுப்படி வந்ததே என்று இருந்தது.

'ஒமென்டல் கேக்' என்று ஒன்று இருக்கிறது. குடலுக்கு முன்னால் திரை போலத் தொங்கும் கொழுப்புப் படலம், புற்றுநோய் பரவும்போது கட்டியாகத் தடித்துவிடும். சூலகப் புற்றுநோயில் அதிகம் காண்கிறோம். கேக் என்ற சொல்லுக்குத் தட்டையான கட்டி என்ற பொருளும் உண்டு; சவர்க்காரக் கட்டிக்கும் ஆங்கிலத்தில் கேக்தான். அந்தப் பொருள்தான் இங்கே. ஸ்கேன் அறிக்கையில் இந்த வார்த்தையைக் காணும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஏனென்றால் எம் பெண்கள் மாதக்கணக்கில் 'வாயு', 'வயிறு உப்புசம்' என்று சொல்லிக் கசாயம் குடித்திருப்பார்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வயிறு ஊதி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்தது மாதிரி இருந்தால், தயவுசெய்து போய்க் காட்டுங்கள். வாயுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதையே மறுபக்கமிருந்தும் பார்க்கிறோம். தோட்டத்தில் இருந்து ஒரு தாய் மகளைக் கூட்டி வந்து 'முழுகாம இருக்காங்க' என்கிறாள். தமிழைப் புத்தகத்தில் படித்த இளம் வைத்தியருக்கு, குளிக்கவில்லை என்று விளங்குகிறது. பிள்ளை கர்ப்பமாக இருக்கிறாள் என்று சொல்லவே அந்தத் தாய் நான்கு மைல் வந்திருக்கிறாள். 'மாரியாத்தா வந்திருக்கு' என்றால் அம்மை. 'தூரமாயிட்டா' என்றால் மாதவிலக்கு. இவற்றை விளங்காமல் எழுதும் நோய்க் குறிப்பு, விளங்காமல் எழுதிய எமது கொப்பியின் பின்பக்கத்தைவிட ஆபத்தானது.

அதனால் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். இடது பக்கம் எம் மக்கள் சொல்வது, வலது பக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதன் கருத்து. புதிதாக வரும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் கொடுப்பதற்கு. இதுவரை மூன்று பக்கம் நிறைந்திருக்கிறது. அக்காமாரே, உங்கள் அப்பாயியும் அம்மாயியும் உடம்பு முடியாதபோது என்னென்ன சொன்னார்கள் என்று ஞாபகப்படுத்தி, சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கேக் வெட்டும் மேசைக்குப் பக்கத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.