கேட்காதவரின் தேவையை அறிவது யார்?
(சிலமலை, போடிநாயக்கனூர் வட்டார மக்களை முன்வைத்து ஒரு ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் கருணையும் நம் உயிரினும் மேலான அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 273ஆம் வசனம் ஒரு வகை ஏழைகளை நமக்கு அடையாளம் காட்டுகிறது. அவர்கள் கை நீட்டமாட்டார்கள். அவர்களுடைய தன்மானத்தைப் பார்க்கும் அறியாதவன், அவர்களை வசதி உள்ளவர்கள் என்றே எண்ணிக்கொள்வான். அப்படியானால் அவர்களை அறிந்துகொள்வது யார் பொறுப்பு? அது கேட்காதவரின் பொறுப்பன்று. கொடுக்க வேண்டிய நம் பொறுப்பு.

ஒவ்வொரு ரமளானிலும் ஸகாத் நிதி திரட்டுகிறோம். பள்ளிவாசல் வாசலுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிறோம். வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

எண்ணுவதும் சுன்னத்தே

முஸ்லிம்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களைப் பணித்ததை ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். எண்ணிக்கை 1,500 ஆக இருந்தது என்று ஸஹீஹுல் புகாரீயின் ஓர் அறிவிப்பு கூறுகிறது. வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே ஏட்டில் எழுதிக் கணக்கெடுக்கப்பட்டது என்பதைச் சிந்தியுங்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ‘தீவான்’ என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, அதன்படி மக்களுக்கு மானியம் வழங்கினார்கள். பால்குடி மறந்த குழந்தைக்கே மானியம் என்பது ஆரம்ப விதி. ஓர் இரவு காவலுக்குச் சென்றபோது ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் காரணம் வினவினார்கள். கேட்பவர் கலீஃபா என்று அறியாத அப்பெண், மானியம் கிடைப்பதற்காக உரிய காலத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்வதாகக் கூறினாள். உமர் (ரலி) அவர்கள் கலங்கிப்போனார்கள். அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் அவர்களுடைய அழுகையால் ஓதுவதே மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. பின்னர், பிறந்த குழந்தைக்கும் மானியம் உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? பதிவேடு அவர்களிடம் இருந்தது. ஆனால் அந்த விதி வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை ஏடு சொல்லவில்லை. ஒரு தாயின் வாய்தான் சொல்லிற்று. கணக்கும் வேண்டும், கேட்கும் செவியும் வேண்டும்.

சராசரி காட்டாத தெரு

2005இல் அமைக்கப்பட்ட நீதிபதி ராஜேந்தர் சச்சார் குழு 2006 நவம்பரில் அறிக்கை அளித்தது. முஸ்லிம்களின் நிலை பற்றி அதுவரை பேசப்பட்டவை பெரும்பாலும் ஊகங்கள். அக்குழுவே எண்களை முன்வைத்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 விழுக்காடு; முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு. ஆனால் அதே கணக்கில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு. நாட்டின் சராசரியை நம்பித் தமிழகத்துக்குத் திட்டம் தீட்டினால் தவறிவிடுவோம். அதுபோலவே, தமிழகத்தின் சராசரியை நம்பினால் சிலமலையின் ஒரு தெருவைக் கோட்டைவிடுவோம்.

2011க்குப் பின் 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடைபெறும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் மாறியிருக்கும்! பழைய எண்ணை வைத்துக்கொண்டு இன்றைய பசியை அளக்க முடியாது.

நம் வட்டாரத்தின் வாழ்வையே பாருங்கள். விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் இருக்கிறார்கள். மாலையில்தான் திரும்புகிறார்கள். காலை பத்து மணிக்கு நோட்டும் பேனாவுமாகச் செல்பவருக்குப் பூட்டிய கதவுதான் தென்படும். ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டு வந்தால், எவருடைய நிலையை அவசியம் அறிய வேண்டுமோ, அவரே கணக்கில் விடுபட்டுப்போவார். மஃரிபுக்குப் பின் மீண்டும் செல்பவரே உண்மையான கணக்கர்.

ஆலோசனை இறைக்கட்டளை

அஷ்ஷூரா அத்தியாயம் 38ஆம் வசனம் நம்பிக்கையாளர்களின் பண்புகளைக் கூறும்போது, தொழுகையை நிலைநாட்டுவதற்கும் இறைவழியில் செலவிடுவதற்கும் இடையே கலந்தாலோசனையை வைத்திருக்கிறது. செலவிடுமுன் கேளுங்கள் என்பது அந்த வரிசையில் நமக்குக் கிடைக்கும் படிப்பினை.

உஹதுப் போருக்கு முன் நபி (ஸல்) அவர்களின் விருப்பம் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வதாக இருந்தது. இளைஞர்கள் வெளியே செல்ல விரும்பினார்கள். அவர்களுடைய கருத்தை அண்ணலார் ஏற்றார்கள். போரில் எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள். அதன் பிறகு அருளப்பட்ட ஆலு இம்ரான் 159ஆம் வசனம், அவர்களை மன்னித்து, அவர்களுடன் மீண்டும் ஆலோசிக்கவே கட்டளையிட்டது. ஒருமுறை பயன் தரவில்லை என்று ஆலோசனையைக் கைவிட நமக்கு உரிமை இல்லை.

நாட்டின் சட்டமும் இதற்கு வழி திறந்திருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு இடமளித்தன. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தமிழகத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. மலைக்கு அப்பால் கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கித் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அங்கு கிராம சபைகள் கூடித் தேவைகளைச் சொல்லின. ஊராட்சிதோறும் வளர்ச்சி அறிக்கை எழுதப்பட்டது.

நம்மில் எத்தனை பேர் கிராம சபையில் அமர்ந்திருக்கிறோம்? குடிநீர் வரவில்லை என்று டீக்கடையில் பேசுகிறோம்; தீர்மானம் எழுதும் இடத்தில் நாம் இருப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

சகோதரர்களே! முதலாவதாக, ஒவ்வொரு ஜமாஅத்தும் படித்த பிள்ளைகளைக் கொண்டு வீடுவீடாகச் சென்று விவரம் சேகரிக்கட்டும். படிப்பை நிறுத்திய பிள்ளை, தீராத நோய், வட்டிக்கடன், ஆதரவற்ற முதியோர், வராத ஓய்வூதியம் ஆகியவற்றை எழுதட்டும். மதம் பாராமல் அண்டை வீட்டாரின் நிலையையும் அறியட்டும். பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தான் வயிறாற உண்பவன் முஃமின் அல்லன் என்பதன்றோ நபிகளாரின் போதனை!

இரண்டாவதாக, பெண்களின் தேவையைப் பெண்களே கேட்கட்டும். ஆண்கள் மட்டும் கூடிப் பேசினால் பாதி ஊரின் நிலை மட்டுமே தெரியும்.

மூன்றாவதாக, சேகரித்ததை ஊராரிடம் பொதுவாக எடுத்துரைத்து, எதை முதலில் செய்வது என்று அவர்களிடமே கேளுங்கள். நாம் தையல் இயந்திரம் கொடுக்க நினைத்திருப்போம். அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கேட்கக்கூடும்.

நான்காவதாக, ஒரு வீட்டின் வறுமை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எண்ணிக்கையைச் சொல்லுங்கள்; பெயரைச் சொல்லாதீர்கள். பெயர் ஏட்டைவிட்டுக் கடைத்தெருவுக்குச் சென்றால் அது புறம். மறுமுறை அந்தக் கதவு நமக்குத் திறக்காது.

மறுமையில் நம் செல்வத்தைப் பற்றி, எப்படி ஈட்டினாய் என்பதோடு எதில் செலவிட்டாய் என்றும் கேட்கப்படும். ‘யாருக்குத் தேவை என்று தெரியாது’ என்பது அன்று பதிலாகுமா? தெரிந்துகொள்ள முயன்றாயா என்று கேட்கப்பட்டால் என்ன சொல்வோம்?

வல்ல நாயன் அல்லாஹ், கேட்காதவரின் தேவையையும் தேடி அறிந்து நிறைவேற்றும் நல்லடியார்களாக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.